இடது பக்கம் இழுத்த ரோபோ

எல்லாம் நான் இங்கே சொல்கிறபடிதான் நடந்தது.

இன்று பூந்தமல்லியில் பஸ் ஏறிய நான்கு மாணவிகள், கூட்டத்தில் நசுங்காமல் இருக்க, போட்டிக்குக் கொண்டுபோன ரோபோவை என் மடியில் வைத்தார்கள்.

"இடது பக்கமே இழுக்குது அங்கிள். புரோகிராம் எல்லாம் சரியாதான் இருக்கு," என்று ஒருத்தி புலம்பினாள்.

முப்பது வருஷம் கேண்டீன் டிராலி தள்ளியவனுக்கு இது தெரியாதா? "சக்கரத்துல முடி சுத்திகினு கீது பாரும்மா," என்றேன்.

உருவினாள். முழ நீளத்துக்கு வந்தது.

"எல்லாம் உன் முடிதான்டி எருமை," என்று தோழியை இடித்தாள்.

நசரத்பேட்டையில் இறங்கும்போது, "நீங்களும் எங்க டீம்தான், வாங்க அங்கிள்," என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டேன்.

சரி, யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.

ரோபோ நேராக ஓடியதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.