அதையே தொடரவும்

1. தில்லியில் நான் பார்மசிஸ்டாக வேலை பார்க்கும் மருத்துவமனையில், சிறுநீரகத் தொற்றோடு வந்த அஞ்சலைக்கு மூத்த டாக்டர் அமிக்காசின் ஊசி எழுதினார். ஐந்து நாளில் நிறுத்த வேண்டும் என்று வாயால் சொன்னார். எழுதவில்லை.

2. மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த ஜூனியர் டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘சி.எஸ்.டி.’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார். கொடுத்த சிகிச்சையையே தொடரவும் என்று பொருள்.

3. அதற்கு மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே.

4. சிஸ்டர் முந்தைய நாள் மருந்துகளைப் பார்த்து, அவற்றையே கேட்டு இண்டென்ட் சீட்டு எழுதி அனுப்பினார். கேஸ் ஷீட் பார்மசிக்கு வராது, இண்டென்ட்தான் வரும். நாங்கள் மருந்தை எடுத்துக் கொடுத்தோம்.

5. ஐந்து நாள் முடிந்தது. ஊசி முடியவில்லை.

மதுரையில் நான் பயிற்சி பெற்ற மருத்துவமனையில் நிறுத்தும் தேதி இல்லாத ஆர்டரைத் திருப்பி அனுப்பிவிடுவோம். பேராசிரியரே முணுமுணுத்தபடி மாடியிறங்கி வந்து தேதி எழுதிவிட்டுப் போவார். அதற்காக அந்த இடத்தைப் புகழ மாட்டேன். அஞ்சலை போன்றவர்களுக்கு அங்கே கட்டில் கிடைக்காது, வராந்தாவில் பாய்தான். ஆனால் வராந்தாவில் படுத்தவருக்கும் மருந்தை நிறுத்த ஒரு தேதி இருந்தது.

ஒரு காலை வார்டிலிருந்து எனக்கு போன் வந்தது. உங்கள் மதராசிப் பேஷண்ட் ஏதோ சொல்கிறார், புரியவில்லை, வந்து கேளுங்கள் என்றார் சிஸ்டர். மேலே போனேன். அஞ்சலை விழுப்புரம் பக்கம். இருபது வருடமாக மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்துகொண்டு ஜங்புராவில் வீட்டு வேலை செய்கிறவர். மொழி தெரியாததால் வந்த சிக்கல் என்றுதான் ஊரில் இருப்பவர்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

“நான் என்னா தமிழ்லயா சொன்னேன் பாப்பா? ‘கான் மே சீட்டி பஜ்தா’ன்னு இந்தியிலதான சொல்றேன். காதுல விசில் ஊதுது. ஆரு கேக்குறா?”

கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். அமிக்காசின் காதைக் கெடுக்கும் என்பது பார்மசி மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் விஷயம். ஜூனியர் டாக்டரை வார்டுக்குக் கூப்பிட்டு, ஊசியை நிறுத்துங்கள், காதுப் பரிசோதனைக்கு எழுதுங்கள் என்றேன். பி.ஃபார்ம் படித்தவர்கள் எப்போதிலிருந்து ரவுண்ட்ஸ் வருகிறார்கள் என்று கேட்டார். சிஸ்டர் சிரித்தார்.

“மேடம், யே மதராஸ் நஹீ ஹை. ஆப் தவாயி பேஜோ, பஸ்.”

இது மதராஸ் இல்லையாம். மருந்தை அனுப்புவதோடு என் வேலை முடிந்ததாம். நான் அனுப்பவில்லை. அன்றைய இண்டென்ட்டில் அமிக்காசினை அடித்து, காரணத்தை எழுதித் திருப்பிவிட்டேன்.

அவர்கள் நிறுத்தவில்லை. பார்மசியில் ஸ்டாக் இல்லை என்று சொல்லி அஞ்சலையின் மகன் கையில் ஒரு சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் எதிர்க்கடைக்கு ஓடி, தன் கைக்காசில் வாங்கி வந்தார். அம்மாவுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற நிம்மதியோடு கொண்டுபோய்க் கொடுத்தார். அதை எனக்குச் சொன்னவரும் அவரே. நன்றி சொல்கிற முகத்தோடு சொன்னார்.

மாடியேறி, மூத்த டாக்டரின் அறை வாசலில் அவர் வரும்வரை நின்றேன். அவர் கேஸ் ஷீட்டை வாங்கி ஒரே கோட்டில் ஊசியை அடித்தார், காதுப் பரிசோதனைக்கு எழுதினார். ஜூனியரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும், இனிமேல் இதையெல்லாம் முறையான வழியில் கொண்டுவாருங்கள் என்றார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அஞ்சலை கேட்டார்: “ஊருக்குப் போயி கொஞ்ச நாள் இருந்தா காது சரியாப் பூடுமா பாப்பா?”

“இல்லக்கா,” என்றேன். காதுக்கு அருகில் குனிந்து இன்னொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

முறையான வழியில் நான் கொடுத்த புகாருக்குப் பதில் வரவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் காதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலை செய்த இரண்டு வீடுகளில், கூப்பிட்டால் கேட்பதில்லை என்று அஞ்சலையை நிறுத்திவிட்டார்கள். அவர் கேம்ப்பிலேயேதான் இருக்கிறார். இந்தியும் பாதிதான் கேட்கிறது; தமிழும் பாதிதான் கேட்கிறது.