தண்ணீர் நிற்கிற பக்கம்

கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுக் கிணறு உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. குடிதண்ணீருக்கு அம்மா நாள்தோறும் சைக்கிள் கரியரில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு பொதுக்குழாயடிக்குப் போய்வருவார். அவருக்கு முழங்கால் நோகத் தொடங்கிய பிறகு, கூரையில் விழும் மழையைச் சேர்க்க ஒரு கொங்கிறீற் தொட்டி கட்டினோம். வரைபடம் என்னுடையது. கட்டியவர்கள் ஒரு மேசனும், கடற்றொழில் செய்யும் அப்பாவும்.

முதல் மழையில் தொட்டி அரைவாசி நிறைந்தது. மூன்றாம் நாள் வெளிச்சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரமாக இருந்தது. வெடிப்பு எதுவும் தெரியவில்லை. சுவர் வியர்த்தது போல் இருந்தது.

கட்டட வேலைகளில் கொங்கிறீற்றின் தரம் பார்ப்பதுதான் என் தொழில். காரணங்களை வரிசையாக எழுதினேன்: அடியும் சுவரும் சேரும் மூட்டு, கலவையைச் சரியாக இடித்து இறுக்காதது, கட்டிய பிறகு நனைத்து வைக்காதது, தண்ணீர் கூடிய கலவை. நான்காவதை வாசித்தபோது அப்பா முற்றத்தைப் பார்த்தார். கலவை வாளியிலிருந்து விழ மறுத்ததென்றும், நான் வேலைக்குப் போன பிறகு இன்னும் தண்ணீர் ஊற்றச் சொன்னது தான்தான் என்றும் சொன்னார். சீமெந்துக்குத் தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர் காயும்போது, தான் இருந்த இடத்தை நுண்ணிய வழிகளாக விட்டுப் போகும். அடுத்து வரும் தண்ணீர் அந்த வழிகளால் வெளியே வரும் என்று விளக்கினேன். கோபமாகச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் மறுநாள் வேலையால் வந்தபோது வெளிச்சுவர் முழுதும் பளபளத்தது. பைபர் படகுக்குப் பூசும் பசையை அப்பா அவ்வளவு ஒழுங்காகப் பூசியிருந்தார். நாலு நாளில் அது குமிழ் குமிழாக எழும்பியது. குத்தினால் தண்ணீர்.

"அப்பா, படகுக்குத் தண்ணி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"வெளியிலை."

"தொட்டிக்கு?"

அவர் வாய் திறக்க முன்னம், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "இவ்வளவு காலமும் கடலை வெளியிலை வைச்சுப் பழகின மனிசன். உள்ளுக்கை வைச்சா என்ன செய்வார், பாவம்."

அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீர் நிற்கிற பக்கம் பூசினால், தண்ணீரே பூச்சைச் சுவரோடு அழுத்தும். மறுபக்கம் பூசினால் தள்ளிக் கழற்றும்.

மாரி முடியச் சில வாரங்களே இருந்தன. அதற்குள் தொட்டி நிறையாவிட்டால் கோடை முழுதும் அம்மாவுக்குச் சைக்கிள்தான். வீட்டிலிருந்த பானை, சட்டி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு மிச்சத்தை இறைத்தோம். அப்பா தொட்டிக்குள் இறங்கிச் சீமெந்துப் பாலை இரண்டு தரம் பூசினார். ஒவ்வொரு கலவைக்கும் தண்ணீரை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "இதுக்கு மேலை ஒரு சொட்டும் விடன், பிள்ளை."

அடுத்த மழைக்கு அடிமூட்டில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு மட்டும் கசிந்தது. அப்பா பசைப் பேணியைத் தேடினார். பொறுக்கச் சொன்னேன். அப்படியான வெடிப்பால் போகும் தண்ணீர் சீமெந்தின் சுண்ணாம்பைக் கரைத்துப் போகிற வழியிலேயே படியவிட்டு, சிலவேளை தானே அடைத்துவிடும். "சிலவேளையோ?" என்றார் அப்பா. ஓம் என்றேன்.

ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும் ஈரத்தின் விளிம்பில் சோக்கால் கீறினேன். கோடுகள் நாளுக்கு நாள் உள்ளே நெருங்கின. கடைசியில் வெடிப்பு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான் மிஞ்சியது. தொட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது.

அம்மா உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு சைக்கிள் கரியரில் கான்களைக் கட்டுகிற கயிற்றை அவிழ்த்து அப்பாவிடம் நீட்டினார், படகுக்கு உதவும் என்று.