மோதியா, மோட்டியா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு அதிசயம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற என் மகள் அபர்ணா, ஒரு தமிழ்ப் புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்துவிட்டாள்!

டெல்லியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும், இது லேசுப்பட்ட காரியமில்லை. மோதி பாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். சண்டை போடுவது, தூக்கத்தில் உளறுவது எல்லாம் ஹிந்தியில்தான். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

அதுவும் யார் புத்தகம்? என்னுடையது. நான் எழுதிய ஒரே இளையோர் நாவல். மூன்று மாதமாக விரல் வைத்து வைத்துப் படித்தாள். 'எப்படி இருக்கு?' என்று கேட்க வாயெடுப்பேன்... அடக்கிக்கொள்வேன். பெற்ற பெண் நம் எழுத்தைப் படிக்க மாட்டாளா என்ற ஏக்கம் இருக்கிறதே, அது சொல்லி மாளாது.

கதாநாயகி ஒரு குண்டுப் பெண். பள்ளியில் எல்லோரும் அவளை 'மோட்டி' என்பார்கள். ஹிந்தியில் குண்டச்சி. அது யார் என்று கேட்கிறீர்களா? சாட்சாத் நான்தான்!

பதினைந்து வயதில், அப்பாவுக்கு மாற்றலாகி இங்கே வந்தோம். முதல் நாள் வகுப்பில் டீச்சர், வீடு எங்கே என்று கேட்டார். பஸ்ஸின் ஆங்கிலப் போர்டில் படித்ததை அப்படியே சொன்னேன் — 'மோட்டி பாக்.' மோதி என்றால் முத்து, பாக் என்றால் தோட்டம் என்று எனக்கென்ன தெரியும்? குண்டுப் பெண் ஒருத்தி, தான் குண்டச்சித் தோட்டத்தில் குடியிருப்பதாகச் சொன்னால் வகுப்பு சும்மா இருக்குமா? அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், பள்ளி முடியும்வரை போகவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அபர்ணா புத்தகத்தோடு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, ஒரு டவுட். எல்லாரும் அவளை மோதி மோதினு எவ்ளோ ஆசையா கூப்பிடறாங்க. அப்புறம் ஏன் அவ பாத்ரூம்ல போய் அழறா?"

வாங்கிப் பார்த்தேன். சென்னையில் மெய்ப்புப் பார்த்த புண்ணியவான், 'மோதி பாக்' சரியென்றால் 'மோட்டி' எழுத்துப் பிழைதான் என்று முடிவுகட்டி, ஒன்றுவிடாமல் 'மோதி' ஆக்கியிருக்கிறார்! அச்சான பிறகு நான் பிரித்தே பார்க்கவில்லை. வாசகர்களும் யாரும் சொல்லவில்லை... படித்திருந்தால்தானே?

"அது மோதி இல்லடி. மோட்டி."

"அச்சா..." என்றாள். சிரிப்பு போய்விட்டது. புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "என்னையும் கிளாஸ்ல அப்படித்தான் கூப்பிடறாங்க" என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு மாதமாக இவளுடைய டிபன் பாக்ஸ் பாதியாகத் திரும்பி வருகிறது. உப்பு குறைச்சலோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மண்டு நான்.

"அது போகட்டும். லாஸ்ட் சாப்டர்ல அவ ஏம்மா ஒல்லியாயிட்டா? அதுக்கப்புறம்தான் எல்லாரும் ஃப்ரெண்ட் ஆகறாங்க. அப்ப நான் என்ன பண்ணணும்?"



அவள் வயதில் நான் லைப்ரரி அலமாரிகளில் தேடாத தேடலா? கடைசிப் பக்கத்திலும் குண்டாகவே இருந்து, சந்தோஷமாகவும் இருக்கிற ஒரே ஒருத்தி... அவள் கிடைக்கவேயில்லை. எல்லாக் கதையிலும் முடிவதற்குள் இளைத்துவிடுவாள். என் முறை வந்தபோது நானும் அதையேதான் செய்திருக்கிறேன். நாம்தான் இளைக்கவில்லை, இவளாவது இளைக்கட்டுமே என்ற நப்பாசை. பாத்ரூமில் அழுத அந்தப் பெண்ணிடம் நான்கூட 'நீ இப்படியே இருக்கலாம்' என்று சொல்லவில்லையே!

நூலக ஆர்டருக்காகப் போடும் மறுபதிப்புக்குத் திருத்தம் கேட்டு பதிப்பகம் ஏற்கெனவே மெயில் அனுப்பியிருந்தது. நேற்று பதில் போட்டேன். மோதி ஆன மோட்டி எல்லாம் பழையபடி மோட்டியாகவே இருக்கட்டும். கடைசி அத்தியாயம் மட்டும் புதுசு. அவள் ஒரு கிலோகூட இளைக்கவில்லை. கரோல் பாக்கில் நின்று, தோழியோடு கோல்கப்பா (நம்மூர் பானிபூரிதான்) சாப்பிடுகிறாள். இரண்டாவது பிளேட் அபர்ணாவின் சிபாரிசு.

டிபன் பாக்ஸ் இன்னும் முழுசாகக் காலியாகவில்லை. பார்க்கலாம்...

புது அத்தியாயத்தின் கடைசி வரியில், தோழி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மெய்ப்புப் பார்க்கிற ஐயா, அங்கே இருப்பது 'மோதி'தான். தயவுசெய்து திருத்திவிடாதீர்கள்!