சிஸ்டர் வீட்டு வாசலில் வேப்பிலை

திருச்சுழி பஸ் எங்கள் பழைய ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம், சிஸ்டர் அக்கா குடியிருந்த குவார்ட்டர்ஸை எட்டிப் பார்த்துவிடுகிறேன். இப்போது அங்கே வேறு யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ வாசல் நிலையில் செருகிய வேப்பிலைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

அக்கா எங்கள் தலைமைச் செவிலியர். நான் அவருக்குக் கீழே நர்ஸ். கொரோனாத் தடுப்பூசி வந்த புதிதில் ஊர்ச்சனம் கிட்டவே அண்டவில்லை. அக்கா டீக்கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கத் தன் கையில் என்னை ஊசி போடச் சொன்னார். “போட்டுக்கிட்டா வராது. நான் சாச்சி” என்றார். எவ்வளவு தைரியம்!

அக்கா இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டு, ஊருக்குத் தடுப்பூசி முகாம் வைக்க நாள் குறித்த பிறகுதான் அவருக்குக் காய்ச்சல் கண்டது. பினாயில் வாடைகூடத் தெரியவில்லை என்று சிரித்தார். பரிசோதனையில் கொரோனா என்று வந்ததும் சிரிப்புப் போய்விட்டது. ஊருக்குத் தெரிந்தால் முகாமுக்கு ஈ காக்கா வராது. வீட்டுக்குள் அடைந்துகொண்டு, ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார்: “ஏ புள்ள, வாசல்ல வேப்பிலையைச் சொருகிரு. அம்மை போட்டுருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தரும் உள்ள வரமாட்டாக.” எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. படித்த கழுதைகள் இரண்டும் ஊர் வழக்கத்தை மறந்துபோனோம்.

எங்கள் பக்கம் அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்தத் தெருவில் தாளிக்க மாட்டார்கள். ஊசி, மருந்து எதையும் தொட மாட்டார்கள். முகாமன்று காலையில், குவார்ட்டர்ஸுக்கு எதிரே சுகாதார நிலைய வாசலில் ஊசி மேசை போட்டிருந்தேன். ஊரே வந்தது, இளநீரும் மோருமாக. ஒருவரும் சட்டைக் கையைச் சுருட்டவில்லை. டீக்கடை அண்ணன் அக்கா வீட்டு வாசலைக் கும்பிட்டுக்கொண்டே, “ஆத்தா எறங்கியிருக்கையில ஊசி குத்தலாமா தாயி? தண்ணி ஊத்தட்டும், பெறகு பாப்போம்” என்றார். முந்தின நாள்தான் மேலத்தெருவில் கொரோனாவில் ஒரு சாவு விழுந்திருந்தது. அண்ணனுக்கோ சர்க்கரையும் மூச்சிழுப்பும். பிறகு பார்க்க ஏது நேரம்?

உள்ளே அக்காவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. சொன்னாலும் கெட்டது, சொல்லாவிட்டாலும் கெட்டது. முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

“அம்மை இல்லைங்க. கொரோனாதான். ரெண்டு ஊசி போட்டும் வந்துருச்சு. வராதுன்னு நான் சொன்னது தப்பு. ஆனா போட்டதாலதான் இப்படி எந்திரிச்சு நின்னு பேசுறேன்.”

டீக்கடை அண்ணன்தான் கேட்டார்: “அப்ப அந்த ஊசிக்கு என்னம்மா மருவாதி?”

அக்கா பதில் சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது.

பஞ்சுமில்லுக்குப் போகிற ஒருத்தி மட்டும் என் மேசைக்கு வந்து, “அவுகளே உள்ளதைச் சொல்லிட்டாக. இனி நம்பலாம், போடுங்க” என்று கையை நீட்டினாள். அவள் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். மற்றவர்கள் திரும்பி நடந்தார்கள். அண்ணன் இளநீரை வாசலில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

“அண்ணே, நீங்கதாண்ணே மொதல்ல போடணும். நில்லுங்கண்ணே!” ஜன்னலிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்.

அண்ணன் நடையை எட்டிப் போட்டார். கதவுக் கொண்டி அசைகிற சத்தம் கேட்டு, “அக்கா, வெளிய வந்துறாதீக!” என்று கத்தினேன். கொண்டி நின்றது. உள்ளேயிருந்து அண்ணே, அண்ணே என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் தெருமுனை திரும்பிப் போன பிறகும் கூப்பிட்டார்.