ஏழாவது முடிச்சு

“…ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்னு நீங்க சொல்றீங்க மேஸ்திரி. என் துண்டுல ஒரு முடிச்சு மிச்சம் இருக்குதே, அதுக்கு இன்னா சொல்றீங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் அந்த வெடிக்காரர்.

கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில் நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். ஒரு பக்கப் புருவம் கருகிப்போன, நெட்டையான மனிதர்; வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். பாறைக் குழிகளில் மருந்து வைக்கும்போது குழிக்கு ஒன்றாகத் துண்டில் முடிச்சுப் போடுவார். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்றை அவிழ்ப்பார்.

அன்று ஏழு போட்டதில் ஆறுதான் அவிழ்ந்தது. வெடிக்காத மருந்தின் மேல் அடுத்த ஷிப்டுக்காரன் உளி வைத்தால், அவன் கதி அவ்வளவுதான்.

“சந்தேகம்னா போயி ஜெபம் பண்ணுய்யா,” என்று சிரித்தார் மேஸ்திரி. “அடுத்த ஷிப்டு ஆளுங்க கூண்டுல இறங்கறாங்க. வேலையை நிறுத்த முடியாது.”

“அப்போ அவங்க வர்றதுக்குள்ள நான் போயிப் பாத்துடறேன்.”

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். “இன்னாணா, பைத்தியமா? அவங்க உனக்கு மாமனா, மச்சானா?”

“செத்தா எனக்குப் போற எடம் தெரியும் தம்பி. அவங்களுக்குத் தெரியுமோ இன்னாவோ,” என்றார், சந்தைக்கு வழி சொல்வதுபோல.

அந்தப் பேச்சை இத்தனை வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் விழுங்க முடியவில்லை. அந்தத் துண்டு என் பெட்டியில்தான் இருக்கிறது, முடிச்சும் அப்படியே.

“புடி, திரும்பி வந்து நானே அவுக்கறேன்,” என்று அதை என் கையில் வைத்தவர், மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு உள்ளே நடந்தார்.