செப்டம்பர் ஆறாம் தேதித் தாள்

என் அக்காவுக்கு இரண்டு பிறந்தநாள். அம்மா நட்சத்திரம் பார்த்து அர்ச்சனை செய்யும் நாளையும் சேர்த்தால் மூன்று. ஆனால் அது வருடத்துக்கு வருடம் நகரும் என்பதால் நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில், ஒரு செப்டம்பர் ஆறாம் தேதி, காலை ஏழே காலுக்கு. சான்றிதழில் இருப்பது மே இருபது. சுரங்கம் இனி நம்பிக்கைக்கு ஆகாது என்று அப்பா பெங்களூருக்கு வந்து ஆஸ்டின் டவுனில் வீடு பிடித்தபோது, அக்காவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மூன்றரை மாத வயது குறைந்தது. பள்ளிக்கூட எழுத்தர் பேனாவைத் திறந்தபடியே மே இருபது என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாராம். அப்பா தலையாட்டினாராம். அவருடைய சொந்தத் தேதியே யாரோ ஒரு தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்ததுதான். அக்காவின் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். அதில் யாரும் எந்தத் தவறையும் கண்டதில்லை.

எனக்கு மட்டும் அது உறுத்தியது. எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் தாள் கிழிப்பது என் வேலை. முக்கியமான நாட்களின் தாள்களை எறியாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துக்கொள்வேன். தாளின் பின்பக்கம் நடந்ததை எழுதுவேன். அப்பா வேலை செய்த கம்பெனி வருடா வருடம் தரும் டைரியும் எனக்குத்தான் வரும். இன்றுவரை ஒரு நாளும் விடாமல் எழுதுகிறேன். இதனால் யாருக்கும் எந்தப் பயனும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

அக்கா பத்தாம் வகுப்பு முடித்த கோடையில், மாணவர்களை ஒரு வருடம் வெளிநாட்டில் தங்கிப் படிக்க அனுப்பும் ஒரு திட்டத்தில் தேர்வானாள். நாடு நெதர்லாந்து. அங்கே ஒரு குடும்பம் அவளைத் தங்கள் பிள்ளைபோல வைத்துக்கொள்ளும். அவள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். அடுத்த ஜூலையில் திரும்பி வருவாள். தங்கவயல் உறவினர்கள் வேலைக்கா, கல்யாணத்துக்கா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு வருடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்பாவுக்கும் இதற்குப் பதில் தெரிந்திருக்காது என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் தெரிந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அனுப்புவதற்கு முன்பு வீட்டைப் பார்த்துப் பேசிப்போக அந்தத் திட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மிக்சரும் காபியும் வைத்தாள். ஒருவர் விண்ணப்பத்தை உரக்கப் படித்துச் சரிபார்த்தார். பிறந்த தேதி மே இருபது என்று வந்ததும், ஒன்பது வயதான நான், தவறைத் திருத்தும் பெருமையுடன், அது செப்டம்பர் ஆறு என்றேன். அம்மா உடனே என் தோளைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப்போய் வாயில் மிக்சரை அடைத்தாள். வெளியே அப்பா, சின்னது எப்போதும் தன் தேதியையும் அக்காவுடைய தேதியையும் குழப்பிக்கொள்ளும் என்று சொல்லிச் சிரித்தது கேட்டது. என் தேதி பிப்ரவரி பதினேழு. அதை நான் எதனோடும் குழப்பியதில்லை.

அவர்கள் போன பிறகு அப்பா என்னை எதிரே உட்கார வைத்தார்.

"இதோ பாரு பாப்பா. இன்னொரு தடவ அந்தத் தேதி உன் வாயில வந்துச்சு, அக்காவ அங்கேயிருந்து திருப்பி அனுப்பிடுவாங்க. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

ஆகஸ்ட் மாதம் அக்கா போனாள். அதுவரை எனக்குத் தலை பின்னியது அவள்தான். அம்மா பின்னினால் கண்கள் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிவிடுவாள். ஒரே பாயில் படுத்த இடத்தில் அவளுடைய பக்கம் காலியாக இருந்தது; நான் அதில் புரண்டு படுப்பதில்லை என்று டைரியில் இருக்கிறது.

முதல் தொலைபேசி அழைப்பில் அக்கா சொன்ன செய்தி வீட்டை ஒரு வாரம் கலக்கியது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் கழிப்பறைச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருப்பார்களாம். அதில் கிழமையும் இல்லை, வருடமும் இல்லை. வெறும் தேதிகள். வீட்டார், சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாருடைய பிறந்தநாளும் அதில் எழுதியிருக்கும். தினமும் கண்ணில் படுமே, மறக்காது என்பதற்காக. அக்கா போய்ச் சேர்வதற்கு முன்பே அவள் தங்கிய வீட்டு அம்மாள் மே இருபதில் அவள் பெயரை எழுதி வைத்திருந்தாராம்.

"என் பொண்ணு பேர கக்கூஸ்லயா எழுதி வச்சிருக்காங்க?" என்றாள் அம்மா.

இதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்றார் அப்பா. எங்கள் வீட்டில் வெளியே சொல்லக்கூடாத விஷயங்கள் அந்த வருடம் அதிகமாகிக்கொண்டே வந்தன. எனக்கோ கிழிக்கவே வேண்டாத ஒரு காலண்டர் உலகத்தில் இருக்கிறது என்பது பெரிய ஆச்சரியம்.

செப்டம்பர் ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா பாயசம் வைத்துவிட்டு அக்காவை அழைத்தாள். அக்கா மிகவும் தணிந்த குரலில் பேசினாள். அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். கழிப்பறையில் என்றாள். நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் நான்கு தடவை சொன்னாள். அவளுக்கு வயிறு சரியில்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன். அன்றைய தாளைக் கிழித்து டப்பாவில் வைத்தேன்.

எட்டு மாதம் கழித்து மே இருபது வந்தது. அது வியாழக்கிழமை. அந்த வீட்டில் அக்காவுக்குப் பிறந்தநாள் விருந்து. பெங்களூர்க் குடும்பமும் கணினியில் முகம் காட்டினால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அந்த அம்மாள் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கணினி இருந்தது விவேக் நகரில், சித்தப்பா வீட்டில். அப்பாவின் தம்பியான அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்ததால், எங்கள் குடும்பத்தில் ஆங்கிலமும் இன்டர்நெட்டும் அவர் பொறுப்பு. மழை தூறிக்கொண்டிருந்தது. அம்மா பட்டுப்புடவையில் நடந்து வந்தாள். நான் பாவாடைக்குள் இடுப்பில் செருகி ஒரு தாளைக் கொண்டுபோனேன்.

திட்டம் எளிமையானது. அந்தத் தேதியைச் சொன்னால் அக்காவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அக்கா வர வேண்டும். ஆகவே தேதியைச் சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏன் எட்டு மாதம் ஆனது என்பதுதான் அன்று என் ஒரே வருத்தம்.

ஆறே முக்காலுக்குப் படம் வந்தது. ஒரு கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள்போல எல்லாரும் கையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அக்கா. தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். அம்மா அதைப் பார்த்து மூச்சை உள்ளே இழுத்தாள். அக்காவுக்குப் பின்னால் சுவரில் வண்ணக் காகிதத் தோரணம்.

"அண்ணி, அவள பாக்காதீங்க, மேல அந்தப் புள்ளிய பாருங்க. அப்பதான் நீங்க அவள பாக்கற மாதிரி தெரியும்," என்றார் சித்தப்பா.

"அவள பாக்கத்தானேப்பா வந்தேன்," என்றாள் அம்மா.

அந்த வீட்டு அம்மாள் முன்னால் வந்து அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு அம்மாவுக்கு. பிறகு சித்தப்பாவுக்கு. பிறந்தநாள் வந்தால் அதற்காக வீட்டில் உள்ள எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்வது அவர்கள் வழக்கமாம். சித்தப்பா மொழிபெயர்த்தார்.

"உங்க பொண்ணு பொறந்ததுக்கு உங்களுக்கு வாழ்த்துச் சொல்றாங்க அண்ணி."

"இன்னிக்கு நான் பெக்கவே இல்லையே," என்று அம்மா உதடு அசையாமல் முணுமுணுத்தாள். அப்பா சிரித்தபடியே அவள் கையை அழுத்தினார். பிறகு இருவரும் கணினியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கடைசியாக அந்த அம்மாள் என்னைப் பார்த்து, உன் அக்காவுக்காக உனக்கும் வாழ்த்துகள் என்றார். நான் தாளை எடுத்துக் கணினியின் மேலிருந்த புள்ளிக்கு நேராகப் பிடித்தேன். பெரிய கறுப்பு ஆறு. மேலே செப்டம்பர் என்று ஆங்கிலத்திலும் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துவந்த ஆங்கிலத்தில், இன்றைக்கு இல்லை, இதுதான் பிறந்தநாள் என்றேன். யாருடைய பிறந்தநாள் என்று சொல்ல மறந்துபோனேன். அந்த வாக்கியத்தை இத்தனை வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவின் கை என் முதுகில் வந்து நின்றது. அடிக்கவில்லை. படம் உறைந்துவிட்டது, நெட் போய்விட்டது என்று சித்தப்பா விசைகளைத் தட்டினார். அக்கா வாய் லேசாகத் திறந்தபடி அப்படியே இருந்தாள். பிறகு படத்துக்கு உயிர் வந்தது. அக்கா அந்த அம்மாளிடம் திரும்பி, அவர்கள் மொழியில், வேகமாக ஏதோ சொன்னாள். வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் "ஓ" என்று இழுத்துச் சிரித்தார்கள். சிலர் எனக்குக் கையசைத்தார்கள். அந்த அம்மாள் எழுந்து எங்கேயோ போய்விட்டு, கையில் ஒரு பேனாவுடன் திரும்பி வந்தார்.

விவேக் நகரிலிருந்து வீடுவரை அப்பா என்னோடு பேசவில்லை. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த அம்மாள் பேனா எடுத்துவந்தது அக்காவைத் திருப்பி அனுப்பும் கடிதம் எழுதத்தான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மறுநாள் அம்மாவிடம் அக்காவின் போர்வையைத் துவைக்கச் சொன்னேன். அவள் எதற்கென்று கேட்காமல் துவைத்தாள். ஞாயிறுவரை காத்திருந்தேன். பிறகு அடுத்த ஞாயிறுவரை. சித்தப்பாவின் இன்டர்நெட் சரியில்லாததால் தாள் தெரியவில்லை என்று கடைசியில் சமாதானம் செய்துகொண்டேன்.

அக்கா சொல்லியிருந்தபடியே ஜூலையில்தான் வந்தாள். அந்தச் செப்டம்பரில், ஆறாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, நெதர்லாந்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பிறந்தநாள் வாழ்த்து. பெயர் என்னுடையது. நான் அதை அக்காவிடம் நீட்டி, இது உனக்கு வந்தது, பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றேன்.

"வச்சுக்கோடி. உனக்குத்தான்," என்றாள். பிறகு, "நன்றின்னு ஒரு கடுதாசி போட்டுடு," என்றாள்.

சுவரில் காலண்டர் மாட்டிவைத்துத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் பிடிபடவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டானது. வருடாவருடம் அட்டை வந்தது. வருடாவருடம் நன்றி எழுதினேன். பதினைந்து அட்டைகள் இருக்கின்றன, வரிசையாக.

அக்கா பெங்களூரில் பட்டம் முடித்து, மேற்படிப்புக்கு அதே நாட்டுக்குப் போனாள். அங்கேயே வேலை, நீர் மேலாண்மை அலுவலகம் ஒன்றில். முன்பு தங்கிய அந்தப் பழைய வீட்டிலிருந்து நாற்பது நிமிட ரயில் பயணம். அவள் குழந்தைகள் அந்த அம்மாளைப் பாட்டி என்றே அழைக்கின்றன. அந்த ஒரு வருடம் எதற்கு என்று கேட்ட உறவினர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று அப்பாவைக் கேட்கிறார்கள். அக்கா பிறந்தநாளை மே இருபதில்தான் கொண்டாடுகிறாள். செப்டம்பரில் அம்மா பாயசம் வைத்துவிட்டு அழைத்தால், இன்றைக்கு என்னம்மா விசேஷம் என்று கேட்பாள். விளையாட்டுக்குக் கேட்கிறாளா, மறந்தே போனாளா என்று அம்மாவுக்கு இன்னமும் குழப்பம். எனக்கும்தான்.

போன ஜூனில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். பழைய வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனாள். கை கழுவப் போன இடத்தில் அந்தக் காலண்டரைப் பார்த்தேன். ஓரங்கள் பழுத்திருந்தன. மே மாதத்தைப் புரட்டினேன்: இருபதில் அக்கா, நீல மையில். பிப்ரவரி பதினேழு வெறுமையாக இருந்தது. செப்டம்பர் ஆறில், வேறொரு பேனாவில், என் பெயர்.

பாத்திரம் துடைக்கும்போது அக்காவிடம் கேட்டேன், அன்றைக்கு இவர்களிடம் என்ன சொன்னாய் என்று.

"என் தங்கச்சிக்கு அன்னிக்குப் பொறந்தநாள், அவளையும் எழுதிக்கச் சொல்றான்னு சொன்னேன்." ஒரு தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "வேற என்ன சொல்றது? எங்கப்பா பொய்த் தேதி குடுத்தார்னா?"

"அதச் சொல்ல ஏன் அவ்ளோ நேரம் ஆச்சு?"

"நெட் நின்னுபோச்சே. ஞாபகமில்ல?"

ஞாபகம் இருந்தது. பெங்களூர் திரும்பியதும், அக்கா சொன்னதைச் சரிபார்க்க அந்த வருடத்து டைரியை எடுத்தேன். என் குண்டெழுத்தில் முழுப்பக்கம் இருந்தது. அதை எழுதிய பத்து வயதுக்காரிக்கு அந்தக் கடைசி வரியில் எதுவும் இடறவில்லை. அக்கா திரும்பி வர வேண்டும் என்று அன்று கணினியின் இரு பக்கத்திலும் ஆசைப்பட்டது தான் ஒருத்திதான் என்று அந்தச் சிறுமி நினைத்திருந்தாள்.

"மே 20, வியாழன். மழை. அம்மா பட்டுப்புடவை. தாளைக் காட்டினேன். உடனே நெட் நின்றுவிட்டது. அக்கா ரொம்ப நேரம் அசையவே இல்லை. பின்னால் காகிதத் தோரணம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது."