நாங்கள் பார்ட்டியாகப் போன நாள்

எங்கள் ஊரில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பார்ட்டி என்று பெயர். புதிதாகக் கல்யாணமான இருவர் வந்தாலும் பார்ட்டிதான், கல்கத்தாவிலிருந்து பாட்டி தாத்தாவோடு பதினைந்து பேர் வந்து இறங்கினாலும் பார்ட்டிதான். "இன்னைக்கு அவருக்குப் பார்ட்டி இருக்கு" என்று அம்மா போனில் சொல்வதைக் கேட்டு, மெயின்லாண்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிலர் அப்பாவைக் குடிகாரர் என்றே நினைத்திருந்தார்களாம். அப்பா போர்ட் பிளேயரில் டூர் வேன் ஓட்டினார். அவ்வளவுதான்.

ஜங்லிகாட் சந்தைக்குப் பின்னால், ஒரு ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கு மேல்மாடியில் எங்கள் வீடு. அப்பா பிறந்ததே இங்கேதான். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அம்மாவைக் கட்டிக்கொண்டுவந்தது அதே கடற்கரையிலிருந்து. அந்தமானில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்று ஊரில் அம்மாவுக்குப் பெரிய பேர். காலண்டரில் இருக்கும் நீலக் கடலும் வெள்ளை மணலும் எங்கள் வாசலிலேயே தொடங்குவதாக அவர்கள் நினைத்தார்கள். அம்மா பார்த்த அந்தமானோ மீன் மார்க்கெட், கோயில், என் பள்ளிக்கூடம், ரேஷன் கடை. வாசலில் தொடங்கியது ஒர்க்‌ஷாப்பின் எண்ணெய்க் கறை.

அப்பா வேனில் ஏறினால் வேறு ஆள். நான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். "சாம்னே தேக்கியே சார், ரைட் சைட் மே மேடம்" என்று முன்னால் பார்க்கச் சொல்லி, வலது பக்கம் பார்க்கச் சொல்லி, வாய் ஓயாமல் ஹிந்தியில் பேசுவார். பார்ட்டியின் குழந்தைக்குப் பிறந்தநாள் என்று தெரிந்தால் கேக் வாங்கிவந்து அசத்துவார். புதுஜோடி வருகிறது என்றால் ஓட்டல் கட்டிலில் பூவால் இதயம் போடுவதுகூட அவர் வேலைதான். வீட்டுக்கு வந்ததும் அந்த ஆள் எங்கேயோ இறங்கிப் போய்விடுவார். வந்தவர் சாப்பிடுவார், "உப்பு இருக்கா?" என்று அம்மா கேட்டால் "ம்" என்பார், படுத்துவிடுவார். சீசனில் அந்த "ம்"கூடக் கிடைப்பது அபூர்வம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றுவலி என்று எனக்குச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு பெங்காலிப் பெண்மணி, நான் மாசி என்று கூப்பிடுகிறவள், அவள்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். அப்பா அன்று பார்ட்டிக்குக் குகை காட்ட வடக்கே பாராடாங் தீவுக்குப் போயிருந்தார். மறுநாள் மத்தியானம்தான் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ பிறப்பதாக இருந்து, பிறக்காமல் போன நாள் அது என்று நான் பெரியவளான பிறகு அம்மாவே சொன்னாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாசி வீட்டில் கடுகு அரைத்துப் போட்ட மீன் குழம்பு மிக நன்றாக இருந்தது என்பதுதான்.

அதே வருடம் கிறிஸ்துமஸ் முடிந்து, சீசன் கொதித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுத்து, கண்ணெல்லாம் உள்ளே போய், ஒரு கட்டு பனங்கிழங்கோடும் ஒரு பை கருவாட்டோடும் வந்து நின்றார். சுற்றிலும் கடலாக இருக்கிற ஊருக்குக் கருவாடு கொண்டுவந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

நாம் மாமாவோடு ஊருக்குப் போகிறோம் என்று அம்மா சொன்னாள். லீவுக்கா என்று கேட்டேன். "ம்" என்றாள், அப்பாவைப் போலவே. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா தையல் மிஷினின் தலையைக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றினாள். மாடியில் வளர்த்த மிளகாய்ச் செடிகளை மாசிக்குக் கொடுத்தாள். மாசி செடிகளை வாங்கிக்கொண்டு, "மத் ஜாவோ பெஹன்", போகாதே தங்கச்சி, என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். லீவுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு அழுகை எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

மாமாவும் அப்பாவும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. "வாங்க மச்சான்." "வாரேன் மாப்ள." அதோடு சரி. அம்மா என்ன முடிவு செய்திருக்கிறாள் என்று இருவருக்குமே தெரியும். கப்பலுக்கு டிக்கெட்டும் வாங்கியாயிற்று.

ஆனால் எங்கள் ஊர்க் கப்பல்கள் சொன்ன நாளில் கிளம்பிப் பழக்கமில்லாதவை. ஏதோ ரிப்பேர், இரண்டு நாள் தாமதம் என்று சொல்லிவிட்டார்கள். மூட்டை கட்டிய வீட்டில் நான்கு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். மாமாதான் முதலில் பொறுமை இழந்தார்.

"ஏட்டி மருமவளே, இந்த ஊர்ல பாக்கறதுக்கு என்னதான் இருக்கு? சனம் பிளேன் பிடிச்சுல்லா வருது?"

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எனக்கு என்ன தெரியும்ணே. நான் எங்க போனேன்?" என்றாள் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பா எழுந்து மாடிப்படிக்குப் போனார். சிறிது நேரத்தில் பார்ட்டிகளை அனுப்புகிற ஏஜெண்டோடு போனில் பேசுவது கேட்டது. "நஹீ பாய், கல் நஹீ ஹோகா. கல் மேரா பார்ட்டி ஹை." நாளைக்கு முடியாது, நாளைக்கு எனக்குப் பார்ட்டி இருக்கிறது என்கிறார். மறுமுனையில் ஏதோ கத்தினார்கள். "வி.ஐ.பி. பார்ட்டி ஹை பாய்" என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த மனிதர் இன்றைக்கும் பார்ட்டியை விடவில்லை பார் என்கிற மாதிரி மாமா அம்மாவைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வேன் கழுவித் துடைத்து நின்றது. சீட்டுக்கெல்லாம் வெள்ளை உறை. அப்பா, விமான நிலையத்துக்குப் போகும்போது மட்டும் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார்.

"எல்லாரும் கெளம்புங்க. மலைக்குப் போயிட்டு வருவோம்" என்றார்.

"எனக்கு வேல கெடக்கு" என்றாள் அம்மா.

"எல்லாத்தையும்தான் கட்டி வச்சாச்சே" என்றார் அப்பா.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். கீழே வந்தபோது அப்பா வேனின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பார்ட்டிக்குக் கொடுக்கிற மாதிரி ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அம்மா ஒரு கணம் தயங்கி, நடு சீட்டில் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல முன் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

சாத்தாமில் வேனோடு ஃபெர்ரியில் ஏறி அக்கரையில் பாம்பூ ஃப்ளாட்டில் இறங்கினோம். அங்கிருந்து மலை ஏறுகிறது. மவுண்ட் ஹாரியட் என்று அப்போது அதற்குப் பெயர். இப்போது மாற்றிவிட்டார்கள். முதல் வளைவு திரும்பியதும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாம்னே தேக்கியே..." என்று ஆரம்பித்தார்.

"என்ன சொல்லுதாரு உங்கப்பா?" என்றார் மாமா.

"தமிழ்ல சொல்லுங்க" என்றாள் பின்னாலிருந்து அம்மா.

அப்பா இரண்டு வளைவு வரைக்கும் வார்த்தை தேடிக்கொண்டே ஓட்டினார். பிறகு ஒரு பெரிய மரத்தைக் காட்டி, "இது... மரம்" என்றார்.

"எங்க ஊர்லயும் இருக்கு மாப்ள" என்றார் மாமா.

"இல்ல மச்சான், இது படாக் மரம். இது வந்து... மஜ்பூத். அதுக்குத் தமிழ்ல என்ன?"

"உறுதி" என்றேன் நான்.

"ஆங், உறுதி. பஹுத் உறுதி."

அம்மா சிரித்துவிட்டாள். வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தார். ஆயிரம் பார்ட்டிகளிடம் ஹிந்தியில் சொல்லிப் பழகிய கதையை, அந்த வளைவிலிருந்து உச்சிவரைக்கும் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். தெரியாத இடத்தில் நான் எடுத்துக்கொடுத்தேன். தாய்மொழியில் இவ்வளவு வியர்த்தவரை நான் பார்த்ததில்லை.

உச்சியில் வேலி போட்டு வைத்திருக்கும் இடத்திலிருந்து நார்த் பே தெரியும். கரையும் தென்னைகளும் கலங்கரை விளக்கமும். அந்தக் காட்சிதான் அப்போதைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் அச்சாகியிருந்தது. அப்பா இதைச் சொன்னதுதான் தாமதம், மாமா பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விளக்கோடு விளக்கைப் பொருத்த முயன்றார். "அப்படியே இருக்குல்லா! ஏட்டி, படம் எடு" என்று தன் போனை என் கையில் கொடுத்தார். மாமாவும் வரவேண்டும், நோட்டும் தெரியவேண்டும், விளக்கும் தெரியவேண்டும். எனக்கு மூன்றும் ஒன்றாக வரவே இல்லை.

"போய் உங்கப்பாவக் கூட்டிட்டு வா. அவருக்குத்தான் இது தெரியும்" என்றார் மாமா.

அப்பாவும் அம்மாவும் மறுபக்கம் நின்றிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்ட்டிகள் யாரும் போவதில்லை. கடல் தெரியாது, வடக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் காடுதான். அப்பா கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கதான் பாராடாங். நடுவுல ஜார்வா ஆதிவாசிங்க இருக்கிற காடு. தனியா வண்டி போக முடியாது. போலீஸ் காவலோட, வரிசையா, கான்வாய்லதான் விடுவாங்க" என்றார். எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தைகள். பிறகு குரல் மாறியது.

"அன்னைக்குச் சேதி வரும்போது கடைசிக் கான்வாய் போயிருச்சு. இனி காலையிலதான்னுட்டாங்க. போலீஸ்காரங்க காலப் பிடிக்காத கொறதான். அவங்க என்ன செய்வாங்க, ரூல்ஸ். பார்ட்டிய அங்கயே ரூம்ல விட்டுட்டு வந்து, வரிசைல மொத வண்டியா போட்டு நின்னேன். விடியற வரைக்கும் இன்ஜின ஆஃப் பண்ணல. ஆஃப் பண்ணா லேட்டாயிருமோன்னு ஒரு பயம். பாகல் மாதிரி, பைத்தியக்காரன் மாதிரி."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்ட்டிய விட்டுட்டா வந்தீய?"

"ஆமா. அவங்க எப்படித் திரும்பிப் போனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவங்கள அனுப்பின ஏஜெண்ட் அப்புறம் என்னக் கூப்பிடறதில்ல."

"அவங்கள ஓட்டல்ல எறக்கிவிட்டுட்டு, சாவகாசமா வந்தீயன்னு நெனச்சேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "இத்தன நாளா அதத்தான நெனச்சிட்டிருக்கேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார் அப்பா. "ஆஸ்பத்திரில ஒன் மொகத்தப் பாத்தேன். சாப்பிட்டியான்னு கேட்டேன். அதுக்கு மேல வாயில ஒண்ணும் வரல."

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமா கூப்பிடுகிறார், நோட்டு சரியாக வரவில்லை என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா குனிந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் தூக்குகிற வயதை நான் எப்போதோ தாண்டியாயிற்று. கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இறக்கிவிடு என்று உதறியும் அவள் விடவில்லை.

இறங்கும்போது ஒரு அநியாயம் நடந்தது. முன் சீட்டில் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அது என் இடம் என்றேன். "பின்னால மாமாகூட உக்காரு" என்று சொல்லிவிட்டாள். வழியெல்லாம் நான் உம்மென்று வந்தேன். முன்னால் இருவரும் அவ்வளவாகப் பேசிக்கொள்ளவும் இல்லை. பேசாமல் வருவதற்கு என் சீட் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஃபெர்ரியில் அப்பா சுண்டல் வாங்கிக்கொடுத்தார். அம்மா பொட்டலத்தைப் பிரித்து, முதலில் அவர் கையில் கொஞ்சம் கொட்டினாள்.

மறுநாள் ஹாடோ துறைமுகத்துக்கு எல்லோரும்தான் போனோம். மாமா மட்டும் கப்பலேறினார். அம்மா அவரிடம் என்ன சொன்னாள், எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கோபித்துக்கொண்டுதான் போவார் என்று அப்பா பயந்திருக்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா அவர் தோளைத் தட்டி, "மாப்ள, அடுத்த மட்டம் வரும்போது அந்தப் பாராடாங்குக் குகையையும் காட்டிரணும்" என்றார். அப்பா அவர் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு கப்பல் படிவரை போனார்.

கப்பல் நகர்ந்ததும் நான் ஓவென்று அழுதேன். ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எல்லாம் அப்பாவாலதான்!" என்று கத்தினேன். சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அம்மா சிரித்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சீசன் வழக்கம்போல ஓடியது. பார்ட்டிகள் வந்தார்கள், போனார்கள். ஒன்றே ஒன்றுதான் மாறியது. அப்பா வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அம்மா, "இன்னைக்கு எங்க போனீய?" என்று கேட்பாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடியே சொல்ல ஆரம்பிப்பார். எந்தப் பார்ட்டி, எங்கே வண்டி நின்றது, யாருக்கு வாந்தி, எந்தக் குழந்தை கடலைப் பார்த்துப் பயந்து அழுதது. வார்த்தை கிடைக்காத இடத்தில் நின்று யோசிப்பார். அம்மா அவசரப்படுத்தமாட்டாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

எனக்கோ அலுப்பாக இருக்கும். நாள் முழுவதும் பார்ட்டியிடம் சொல்லிவிட்டு வந்த அதே கதையை, இந்த ஊரிலேயே இருக்கிற அம்மாவிடம் எதற்கு இன்னொரு தடவை சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.